இரண்டு நிமிடம் நாற்பது வினாடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் மறைத்துவிட்டதாக யாரும் சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரியில் எனக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். முகத்துக்கு நேராக எல்லோரும் அக்கா என்பார்கள். தாழ்வாரத்தில் என் தலை தெரிந்ததும், ஸ்டாப்வாட்ச் வருது, வாயில இருக்கறதை முழுங்கு என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்வாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

இரண்டாவது மாடியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் என் அறை. 'உயிர்மீட்புச் சிகிச்சைத் தரக் கண்காணிப்பு' என்று கதவில் பலகை. பலகை பெரியது, அறை சின்னது. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும். இந்தக் கட்டடத்தில் எங்கே யாருக்கு இதயம் நின்றாலும், ஓடிப்போய் மார்பை அழுத்தி, ஷாக் கொடுத்து, ஊசி போட்டு, ஆள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும், அந்தக் காகிதங்கள் கடைசியில் என் மேஜைக்குத்தான் வரும். அழைப்பு எத்தனை மணிக்கு, முதல் அழுத்தம் எப்போது, முதல் ஷாக் எப்போது, நடுவில் கை எத்தனை வினாடி நின்றது, எல்லாவற்றையும் பார்ப்பேன். முப்பத்தொரு வருட வேலையில் முதல் இருபத்திரண்டு வருடம் நானும் ஓடினேன். கடைசி ஒன்பது வருடமாக ஓடுகிறவர்களை அளக்கிறேன்.

அளக்கிறவளை யாருக்கும் பிடிக்காது. பிடிக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. நான் இந்த நாற்காலிக்கு வந்தபோது, இதயம் நின்ற நூறு பேரில் பதினொரு பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். இப்போது இருபத்து மூன்று பேர் போகிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்காக என்னை யார் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் குறைந்துவிட மாட்டேன் என்று நினைத்திருந்தேன்.

பெயர் வைப்பதில் நானும் சளைத்தவள் இல்லை. இதய வார்டின் மூத்த நர்ஸுக்கு ஆமை என்று பெயர் வைத்தது நான்தான். நாங்கள் இருவரும் ஒரே பேட்ச். நர்ஸிங் பள்ளியில் முதல் வருடம், படுக்கை விரிக்கிற பரீட்சை. மற்றவர்கள் எல்லாம் மூன்று படுக்கை விரித்துவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, இவள் முதல் படுக்கையின் நாலாவது மூலையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆமை வந்து சேர்றதுக்குள்ள நோயாளி குணமாகி வீட்டுக்குப் போயிடுவார் என்றேன். ஹாஸ்டலே சிரித்தது. அவளும் சிரித்தாள். அவள் விரித்த படுக்கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதை அன்றைக்கு யாரும் கவனிக்கவில்லை. முப்பது வருடத்தில் அந்தப் பெயர் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவி, மீட்டிங்கில் பெரிய டாக்டரே வாய் தவறி ஒரு தடவை அப்படிச் சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இதய வார்டுக்குப் பயிற்சிக்குப் போனேன். சொல்லாமல் கொள்ளாமல்தான் போவேன். காலிப் படுக்கையில் ரப்பர் பொம்மையைக் கிடத்தி, இவருக்கு மூச்சில்லை, என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தை அழுத்துவேன். ஷாக் கொடுக்கிற பயிற்சி மெஷின் ஒன்று என்னோடு வரும். மார்பில் ஒட்டுகிற பயிற்சி பேட்களும் வரும். பார்க்க நிஜ பேட் மாதிரியே இருக்கும், ஆனால் பொம்மையின் மார்பில் இருக்கிற உலோகப் புள்ளிகளில் ஒட்டினால்தான் வேலை செய்யும். மனித உடம்பில் ஒட்டினால் வெறும் பிளாஸ்டர்தான். தொலைந்து போகக் கூடாது என்று ஒவ்வொரு ஜோடியின் முதுகிலும் மார்க்கர் பேனாவால் நம்பர் போட்டு வைத்திருப்பேன்.

அன்றைக்குப் பார்த்து என் பயிற்சி மெஷினின் பேட்டரி செத்துக் கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பியிருப்பார்கள். நான் வார்டு மெஷினையே இழுத்தேன். நிஜ மெஷினில் செய்தால் இன்னும் நல்லது என்று சொல்லி, அதில் செருகியிருந்த நிஜ பேட்களைப் பிடுங்கிப் பொம்மைப் பையில் போட்டுவிட்டு, என்னுடையதைச் செருகினேன். செய்யக்கூடாது என்று நானே எழுதி வைத்திருக்கிற விஷயம் அது.

ஆமை முதல் ஷாக்கைக் கொடுக்க ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஆயிற்று. சின்ன நர்ஸுகள் ஆறு பேர் சுற்றி நின்றார்கள். அவர்கள் எதிரில் அவளை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். நீ பேட் ஒட்டுறதுக்குள்ள அவர் மூளை பாதி போயிருக்கும், நிதானம் எல்லாம் படுக்கை விரிக்கத்தான் லாயக்கு என்றெல்லாம் சொன்னேன். அவள் பொம்மையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குள் ஒலிபெருக்கியில் மூன்றாவது மாடிக்கு அழைப்பு வந்தது. கையில் இருந்த பேட்களை மெஷினின் பக்கப் பைக்குள் திணித்துவிட்டு ஓடினேன்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, பொம்மையைச் சுருட்டினேன். ஷாக் மெஷினும் மருந்துகளும் இருக்கிற அவசர ட்ராலிக்குப் புது சீல் போட்டேன். இந்த சீலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் தினமும் காலையில் ஒரு நர்ஸ் ட்ராலியின் ஆறு டிராயரையும் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். அரை மணி நேரம் போய்விடும். அதை மாற்றியது நான். எல்லாவற்றையும் ஒரு முறை ஒழுங்காக அடுக்கி, நம்பர் போட்ட மெல்லிய பிளாஸ்டிக் சீலால் பூட்டிவிட வேண்டும். மெஷினின் பக்கப் பைக்கும் சேர்த்துத்தான் அந்த சீல். மறுநாள் சீல் அறுபடாமல் இருந்தால், நம்பரும் நோட்டில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால், உள்ளே எல்லாம் சரி என்று அர்த்தம். டிக் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம்கூடக் கொடுத்தார்கள்.

அன்றைக்கும் சீலைப் போட்டேன், நம்பரை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். உள்ளே திறந்து பார்க்கவில்லை. நான் வைத்தது எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு இதய வார்டில் பதினாலாம் படுக்கைக்காரருக்கு இதயம் நின்றது. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. ஒரு வாரம் இருந்து தேறி, அன்றைக்கு மத்தியானம் வீட்டுக்குப் போவதாக இருந்தார். அவர் மனைவி மாற்றுச் சட்டை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நாற்பது நிமிடம் போராடினார்கள். போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை காகிதங்கள் என் மேஜையில் இருந்தன. மெஷினின் பதிவைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். பத்து இருபத்தொன்று ஐந்து வினாடிக்கு மெஷின் போடப்பட்டிருக்கிறது. முதல் ஷாக் பத்து இருபத்து மூன்று நாற்பத்தைந்துக்கு. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி. நடுவில் வரிசையாக 'பேட்களைச் சரிபார்க்கவும்', 'பேட்களைச் சரிபார்க்கவும்' என்று பதினோரு தடவை. ஒட்டியது யார் என்று பார்த்தேன். ஆமை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. முந்தின நாள்தானே தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். ஒரே மூச்சில் அறிக்கையை எழுதினேன். 'பேட் ஒட்டுவதில் மூத்த நர்ஸின் தாமதம். முந்தைய நாள் பயிற்சியிலும் இதே குறை பதிவாகியுள்ளது.' பத்தரைக்கு ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அனுப்பிவிட்டேன். பதினொன்றரைக்குப் பெரிய டாக்டரிடமிருந்து பதில் வந்தது. வெள்ளிக்கிழமை குழு கூடும், அவளை வார்டிலிருந்து எடுத்துக் கருவி சுத்தம் செய்கிற பிரிவுக்கு மாற்றி, கண்டனக் கடிதம் கொடுக்கலாம் என்று நினைக்கிறார், எனக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தார். சம்மதம் என்று பதில் போட்டேன்.

என்ன இருந்தாலும் ஒரே பேட்ச், நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வார்டுக்குப் போனேன். சண்டைக்கு வருவாள், பதிலுக்கு நாலு கேட்கலாம் என்று எண்ணியிருந்தேன். அவள் துணி அடுக்குகிற அறையில் போர்வைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அறிக்கை விஷயம் எனக்கு முன்னால் அவள் காதுக்குப் போயிருந்தது.

"நீ எழுதினது சரிதான்டி," என்றாள். "எனக்குக் கை வேகம் பத்தல. நேத்து ராத்திரி பூரா அதையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நாளைக்கு அவங்க மாத்தறதுக்கு முன்னால நானே ராஜினாமா எழுதிக் குடுத்துடறேன். எங்க வீட்டுலயும் சொல்லிட்டேன்."

அவசரப்படாதே என்றேன். அவசரப்படத் தெரிஞ்சிருந்தா அவர் பிழைச்சிருப்பாரே என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி எண்ண ஆரம்பித்தாள். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

அறைக்கு வந்து உட்கார்ந்தேன். மனசு ஒரு நிலையில் இல்லை. ராஜினாமா வரைக்கும் போகிறது என்றால் அறிக்கை பிசிறில்லாமல் இருக்க வேண்டும், சத்தப் பதிவையும் கேட்டுக் குறிப்பு எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அந்த மெஷின் போட்ட வினாடியிலிருந்து சுற்றிலும் நடக்கிற பேச்சைப் பதிவு செய்யும். ஒவ்வொரு கேஸுக்கும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது நான் போட்ட விதி. இந்தக் கேஸில் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும், ஆமைதானே, தெரிந்த கதைதானே என்று விட்டுவிட்டேன்.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். முதலில் ஒரே சத்தம். அதற்குள்ளிருந்து அவள் குரல் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு. யாரோ ஒரு சின்னப் பெண் மூச்சு வாங்க மார்பை அழுத்துகிறாள். மெஷின் பேட்களைச் சரிபார்க்கச் சொல்கிறது. ஆமை, துணியால் துடைத்துவிடச் சொல்கிறாள். மறுபடி மெஷின் அதையே சொல்கிறது. அழுத்தி ஒட்டச் சொல்கிறாள். வயர் செருகலைப் பிடுங்கி மறுபடி செருகுகிறாள், அந்தச் சொடுக்கு கேட்கிறது. மெஷின் அதையே சொல்கிறது. அழுத்துகிற பெண் பயந்து நிறுத்தப் பார்க்கிறாள். நீ கையை எடுக்காதே, மத்ததை நான் பாத்துக்கறேன் என்று இவள் குரல். பிறகு இரண்டு நிமிடம் முப்பத்தொன்றாவது வினாடியில் அவள் சொன்னது:

"ஒட்டித்தான் இருக்கு. தப்பு நம்ம மேல இல்ல, இந்தப் பேடே சரியில்ல. பிய்ச்சுப் போடு. கடைசி டிராயர்ல புதுசு இருக்கு, கிழி."

ஒன்பது வினாடியில் பழையதைப் பிய்த்து, புதியதைக் கிழித்து, ஒட்டி, செருகி, ஷாக் கொடுத்துவிட்டாள். ஒன்பது வினாடி. ஒன்பது வருடத்தில் இந்த ஆஸ்பத்திரியில் யாரும் அவ்வளவு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. மெஷின் சொல்வதை நம்பாமல் இருக்க நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் ஐந்து நிமிடம் துடைத்துக்கொண்டே இருந்திருப்பேன்.

கடைசிவரை கேட்டேன். இறந்த நேரத்தை டாக்டர் சொல்லி முடித்து எல்லோரும் போன பிறகும் மெஷினை அணைக்க மறந்திருக்கிறார்கள். படுக்கைத் திரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு அவள், அண்ணே, போர்வையைச் சரி பண்ணி விடறேன், உங்க வீட்டு அக்கா இப்ப வந்துடுவாங்க என்று அவரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

புதிய பேட் ஒட்டியதும் மெஷின் வேலை செய்தது என்றால் பழையதில்தான் ஏதோ கோளாறு. இந்த மாதிரி கேஸில் பயன்படுத்திய எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அனுப்ப வேண்டும் என்பதும் நான் போட்ட விதிதான். பை என் மேஜைக்கடியில் கிடந்தது. பிரித்தேன். இரண்டு ஜோடி இருந்தன. ஒன்றைத் திருப்பினேன். அதன் முதுகில் கறுப்பு மார்க்கரில் மூன்று என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரியிலிருந்து பொம்மைப் பையை இழுத்துக் கொட்டினேன். வார்டு மெஷினின் நிஜ பேட்கள் பொம்மையின் காலுக்கடியில் பத்திரமாக இருந்தன. புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஒரு நர்ஸ் சீல் நம்பரைப் பார்த்து டிக் போட்டிருக்கிறாள். அவள் மேல் என்ன தப்பு? சீல் இருந்தால் திறக்காதே என்று சொன்னவள் நான். திறக்காமல் சீல் போட்டவளும் நான். தப்பைத் தப்பாமல் பிடிக்கிறவள் என்று பெயர் வாங்கியவள், ஒரு மனுஷனின் இரண்டு நிமிடத்தைப் பையில் திணித்துப் பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த மனிதர் இல்லை, என் ஒன்பது வருடம். அதையும் சொல்லிவிடுகிறேன்.

வார்டுக்கு ஓடினேன். அவள் வேலை முடிந்து போயிருந்தாள். போன் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். என் கோபத்துக்கு வீட்டில் அவர் வைத்திருக்கிற பெயர் ஓவர்லோடு. நான் கத்த ஆரம்பித்தால், ஒருத்தர் இறங்கிடுங்கப்பா என்று தானே எழுந்து பால்கனிக்குப் போய்விடுவார். அன்றைக்கு எழுந்து போகவில்லை. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அந்தப் பையை வேறு யாராவது பார்த்தார்களா என்றார். இல்லை என்றேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகாது, அவள் போய்விடுவாள் என்றேன். அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கறே என்றார். நான் கேட்கவில்லையே, சொல்லத்தானே செய்தேன் என்று அவர் மேல் பாய்ந்தேன். பாய்ந்த பிறகு பார்த்தால், கேட்கத்தான் செய்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் குழு கூடியது. அறைக்கு வெளியே நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு உறை. அது என்ன என்று எனக்குத் தெரியும். உள்ள கூப்பிடற வரைக்கும் அதை யார்கிட்டயும் குடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அந்த மேஜையைச் சுற்றி இருந்த ஐந்து பேரில் மூன்று பேரை நான் ஏதாவது ஒரு சமயம் வறுத்தெடுத்திருக்கிறேன். இன்றைக்கு அவர்கள் முறை.

என் அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். சத்தப் பதிவைப் போட்டேன். அவள் எண்ணுகிற குரல் அந்த அறை முழுக்கக் கேட்டது. பிறகு இரண்டு ஜோடி பேட்களையும் மேஜையில் வைத்தேன். செவ்வாய்க்கிழமை நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன்.

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர், யாரையும் நோகடிக்கத் தெரியாதவர். பயிற்சி பேட் எப்படியோ மெஷினுக்குள் வந்துவிட்டது, எப்படி என்று தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதிவிடலாமே சிஸ்டர், அவங்க மேலயும் பழி வராது, உங்க மேலயும் வராது என்றார். சொல்லும்போதே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. அவள் தப்பித்தால் போதாதா, நான் ஏன் சாக வேண்டும் என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டது.

"எப்படி வந்துச்சுன்னு தெரியும் சார்," என்றேன். "நான் வச்சேன். தெரியலைன்னு எழுதினா, எல்லாரும் ஆமை மெதுவாத்தான் செஞ்சிருக்கா, ஸ்டாப்வாட்ச் அவளைக் காப்பாத்தி விட்டுட்டான்னுதான் பேசுவாங்க. அவ பேர்ல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது."

அப்படியே எழுதினார்கள். விசாரணை முடியும்வரை நான் எந்த வார்டுக்கும் பயிற்சிக்குப் போகக்கூடாது. எல்லா ட்ராலி சீலையும் அன்றைக்கே அறுத்து உள்ளே பார்க்க வேண்டும். அவள் வார்டிலேயே இருப்பாள். இறந்தவரின் குடும்பத்துக்கு உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் பெரிய டாக்டர் தானே சொல்வதாகச் சொன்னார். நான் சொல்கிறேன் என்றேன். வக்கீலைக் கேட்டுக்கொண்டு செய்யலாமே என்று இழுத்தார். வக்கீல் வருகிறபோது வரட்டும், அந்த அம்மா இன்றைக்கு வருகிறார் என்றேன்.

வெளியே வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். சொன்னேன். வெளியே சொல்லுவது உள்ளே சொன்னதைவிடக் கஷ்டமாக இருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, நம்பர் மூன்று வரைக்கும் சொல்லி முடித்தேன். என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மடியில் இருந்த உறையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"அப்ப நான் மெதுவா செய்யலையா?"

"இல்லடி," என்றேன். "மெதுவா செய்யல."

அவள் உறையை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள், அதற்கப்புறம் முகத்தை மூடிக்கொண்டு உடம்பு குலுங்க அழுதாள். மூணு நாளா நான் அந்த மனுஷனைக் கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் மன்னித்துக்கொள் என்றேன். இரு, இப்ப என்கிட்ட எதுவும் கேக்காதே என்றாள். கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பழைய பெயர் என் வாயில் வரவில்லை.

பன்னிரண்டரைக்கு பஸ்காரரின் மனைவி அவருடைய கண்ணாடியையும் போனையும் வாங்கிக்கொள்ள வந்தார். லாண்டரியில் இஸ்திரி போடுகிறவர். வலது கை மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்புகள் இருந்தன. துணைக்கு யாரையும் அழைத்து வரவில்லை. பிள்ளைகள் இருவரும் வேறு ஊரிலிருந்து வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். வார்டுக்குப் பக்கத்தில், உறவினர்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. அங்கே உட்கார வைத்தோம். என் தோழியும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. அவர்கூட முதலிலிருந்து இருந்தது நான்தான், நானும் வரேன் என்று அவளே சொன்னாள்.

இந்த மாதிரி அறையில் நான் நூறு தடவை உட்கார்ந்திருக்கிறேன். என்ன வார்த்தை சொல்ல வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று வகுப்பே எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வகுப்பில் சொன்ன ஒரு வார்த்தையும் கைகொடுக்கவில்லை. உங்க வீட்டுக்காரருக்கு ஷாக் கொடுக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது, அதற்குக் காரணம் நான், முந்தின நாள் பயிற்சி முடிந்து நான் மெஷினில் தவறான பொருளை விட்டுவிட்டுப் பூட்டிவிட்டேன் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். பேட்களைக் காட்டிச் சொன்னேன். இந்த முறை புரிந்தது. மடியில் இருந்த பையை அவர் மெதுவாகப் பக்கத்தில் வைத்தார். அதன் வாய் திறந்திருந்தது. உள்ளே மடித்த சட்டை தெரிந்தது.

"அந்த ரெண்டு நிமிஷம் வீணாகலைன்னா அவர் இருந்திருப்பாரா?" என்று கேட்டார்.

உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் நாங்கள் எல்லோரும் சொல்கிற பதில். அது பொய்யும் இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டால் சட்டப்படி யாரும் என்னைக் கேட்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் எவ்வளவு வாய்ப்புப் போகிறது என்று இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் மனப்பாடம் பண்ண வைத்தவள் நான்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா," என்றேன். "ஆனா இருந்திருக்கலாம்."

அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. என் முகத்தை, சட்டையை, கழுத்தில் தொங்குகிற அட்டையில் இருக்கிற போட்டோவை எல்லாம் பார்த்தார். என்னை நினைவில் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்டேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. என் தோழியின் பக்கம் திரும்பி, கடைசி வரைக்கும் கூட இருந்தது நீங்கதானா என்று கேட்டார். ஆமாம்மா என்றாள் அவள்.

"நீங்க போங்க சிஸ்டர்," என்றார் அந்த அம்மா என்னிடம். "அவங்க இருக்கட்டும். அவரை எப்படிப் பாத்துக்கிட்டாங்கன்னு நான் அவங்ககிட்ட கேட்டுக்கறேன்."

இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன். என் தோழி நாற்காலியை நகர்த்தி அவருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.